சுஜீவாவின் பரணும் மூன்று புத்தகங்களும்

1

அன்று பள்ளிவாசல்துறையில், கருவாடு காயவைக்கும் வாடியில் இருந்தவர்கள்:

றம்ஸியா. தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து தாயின் இடுப்பில் வந்தவர். வாய்க்காரி.
குணேஸ்வரி. யாழ்ப்பாணத்தை விட்டு எத்தனையோ வருடம். பேச்சு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.
சிபானா. கருவாட்டுச் சங்கத் தலைவர் நிஸாரின் மனைவி.
நிஃப்லா. என் தங்கை. அண்ணன் என்னை நானா என்று கூப்பிடுகிறவள். இதை எனக்குச் சொன்னவள்.
காகங்கள்.

இல்லாதவர் சுஜீவா. அதுதான் பிரச்சினை. நானும் இல்லை. ஐஸ் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து நித்திரையில் கிடந்தேன். ஆகவே நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு.

2

இது கட்டுரையாகத்தான் தொடங்கியது. இரவு வேலையில் இயந்திரம் ஓடும், மனிதன் சும்மா இருப்பான். பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்ட பிறகு நான் வாசித்ததெல்லாம் அந்தச் சும்மாவில்தான். சந்தையில் நன்றாக விற்கிற வகையில் மூன்று மொழிபெயர்ப்புப் புத்தகங்கள் கையில் இருந்தன. மகிழ்ச்சி பற்றியது சொன்னது: தினமும் நன்றிக்குரிய மூன்று விடயங்களை எழுதிவை. தலைமை பற்றியது சொன்னது: ஒரு வேலைக்கு ஒரு பெயர், இரண்டு பெயர் வைத்தால் ஒருவரும் செய்யமாட்டார். மதமும் சமூகமும் பற்றியது சொன்னது: சேர்ந்து வணங்குகிறவர்கள் ஒருவரையொருவர் நம்புவார்கள்.

மூன்றையும் வைத்து எழுத உட்கார்ந்தேன்.

இன்றைய சமூகத்தில் மகிழ்ச்சி என்பது—

(இந்த வசனத்தை விட்டுவிட்டேன். எழுதிய எனக்கே கொட்டாவி வந்தது.)

அப்போதுதான் நிஃப்லா ஈரத் தலையோடு வந்து வாடிக் கதையைச் சொன்னாள்.

3

வாடியின் வழக்கத்தை முதலில் சொல்லவேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் முஸ்லிம் பெண்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ளுஹர் தொழவேண்டும், பள்ளிவாசலிலிருந்து வரும் ஆண்களுக்குச் சோறு போடவேண்டும். அந்த நேரம் மீன் காயும் தட்டிகளான எல்லாப் பரண்களையும் சுஜீவாவும் குணேஸ்வரியும் பார்ப்பார்கள். கத்தோலிக்கரான சுஜீவா ஞாயிறு காலை மாதா கோயில் பூசைக்குப் போவார். அவருடைய பரணை றம்ஸியா ஆட்கள் பார்ப்பார்கள். இதை ஒருவரும் பேசித் தீர்மானிக்கவில்லை. ஒருவருக்கொருவர் நன்றி சொன்னதுமில்லை.

(மூன்றாவது புத்தகம் இந்த இடத்தில் தடுக்கி விழுகிறது. இவர்கள் வெவ்வேறு நாளில் வணங்குவதால்தான் ஒருவருக்கொருவர் உதவுகிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் போனால் மீன் காகத்துக்குத்தான்.)

இனி நிஸார். முதல் வரைவில் அவருக்குத் தங்கச் சங்கிலியும் கெட்ட சிரிப்பும் கொடுத்திருந்தேன். அழித்துவிட்டேன். ஆள் நல்லவர். போன மாதம் நாய்கள் ஒரு பரணைக் காலி செய்தபோது, "நீ பாக்கிறாய் எண்டு நினைச்சன்" என்று எல்லோரும் எல்லோரையும் காட்டினார்கள். தலைமைத்துவப் பயிற்சி ஒன்றுக்குப் போய்வந்தவர், அங்கே கேட்ட 'ஒரு வேலைக்கு ஒரு பெயர்' என்பதை அப்படியே நம்பினார். சனிக்கிழமை மாலை வட்ஸ்அப்பில் அவருடைய குரல் வந்தது: "நாளையிலிருந்து அவரவர் பரணுக்கு அவரவர் பொறுப்பு. விட்டுட்டுப் போறவங்களுக்கு வாடியில இடமில்ல."

போரின்போது வன்னியிலிருந்து வந்த சுஜீவாவுக்கு இருப்பது முற்றமில்லாத வாடகை வீடு. பரண் போனால் தொழில் போயிற்று. அடுத்த நாள் அவருடைய மகள் தர்சிகாவுக்கு முதல்நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். விடிய எழும்பி மீனைப் பரப்பினார். பிறகு மகளுக்குத் தலை வாரி இழுத்துவிட்டுக் கோயிலுக்குப் போனார்.

4

வானம், துக்க வீட்டுக்கு வந்தவளைப் போல—

(வேண்டாம். மழை பெய்தது.)

எல்லோரும் மழைக்கு மூடும் தறப்பாள்களோடு தங்கள் பரண்களுக்கு ஓடினார்கள். சுஜீவாவின் மீன் நனைந்துகொண்டிருந்தது.

"தலைவர் சொன்னவர், அவரவர்—" என்றார் குணேஸ்வரி.

"தலைவர் வந்து மீனுக்குக் குட பிடிப்பாரா? தறப்பாளப் புடிங்க!" என்றார் றம்ஸியா.

எல்லாப் பரண்களின் மீனையும் வாரி, உப்பு அறைக்குள் ஒரே குவியலாகக் கொட்டினார்கள். யாருடையது எது என்று இனி அந்த மீனுக்கே தெரியாது.

அந்த நேரம் பார்த்து நிஸார் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பின்னாலேயே ஒரு ஆட்டோ. சுஜீவாவும் வெள்ளைச் சட்டையில் தர்சிகாவும்.

(இங்கே நான் வேறு முடிவு எழுதினேன். சுஜீவா முன்னமே வந்து அறைக்குள் உடுப்பு மாற்றுவதாக றம்ஸியா பொய் சொல்கிறார். நிஸார் வெட்கப்பட்டுத் திரும்பிப் போகிறார். வாசித்த நிஃப்லா, "நானா, அவ ஒளிக்கல்ல. நீங்கதான் அவவ ஒளிக்கிறீங்க" என்றாள். சரி, நடந்தது இதுதான்.)

"எங்க போனீங்க?" என்றார் நிஸார்.

"பூசைக்கு. பிள்ளைக்கு முதல்நன்மை."

"மெசேஜ் கேட்டீங்கதானே?"

"ரெண்டு தரம் கேட்டனான்."

"அப்ப நான் என்ன செய்ய? சட்டம் எல்லாருக்கும் ஒண்டு."

"ஓம், ஒண்டுதான்," என்றார் சிபானா. "மொதல்ல பட்டியல்ல எங்கட பரண வெட்டுங்க."

"நீ சும்மா இரி."

"வெள்ளிக்கிழம ஜும்ஆவால வந்தா உங்கட கோப்பைக்குச் சோறு போடுற ஆரு? ஜின் பூதமா?"

"நீதான்."

"நான் ஊட்டில நிக்கக்குள்ள எங்கட பரண ஆரு பாத்த?"

வெள்ளிக்கிழமை நண்பகலில் நிஸார் பள்ளியில் இருப்பார். அந்த நேரத்து வாடியை ஒருநாளும் கண்டதில்லை.

"என்ட பரணையும் வெட்டுங்க," என்றார் றம்ஸியா.

"என்டயும்," என்றாள் நிஃப்லா.

"என்ரையையும் வெட்டுங்கோ," என்றார் குணேஸ்வரி.

"உங்கட என்னத்துக்கு? நீங்க எங்கயும் போகல்லியே," என்றார் நிஸார்.

"எல்லாரும் போனா நான் தனிய இருந்து காகத்தோடயோ கதைக்கிறது?"

தர்சிகாதான் முதலில் சிரித்தாள்.

நிஸார் கைபேசியை எடுத்தார். தன் குரலை எல்லோருடைய தொலைபேசியிலிருந்தும் அழித்தார். "சுஜீவா, பரண் உங்கடதான்," என்றார். "எனக்குத் தெரியாமப் போச்சு."

றம்ஸியா போட்ட சத்தத்தில் கூரைக் காகங்கள் கிளம்பின. அதே மீன் கையால் அவர் தர்சிகாவைத் தூக்கினார். "ஐயோ, வெள்ளைச் சட்டை!" என்று கத்திய சுஜீவா, அடுத்த நிமிடம் அந்தச் சட்டையிலேயே முகத்தைப் புதைத்து அழுதார். சிரித்துக்கொண்டே அழுதார். இதை அழகாக எழுத எனக்குத் தெரியாது. வென்றார்கள், அவ்வளவுதான்.

5

நீதி எழுதமாட்டேன். முதல் புத்தகம் கேட்ட மூன்று நன்றிகளை அன்றும் ஒருவரும் சொல்லவில்லை.

இரண்டாவது புத்தகத்துக்கு ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். தலைவன் கையை அழுக்காக்கவேண்டும் என்று அதில் ஒரு அத்தியாயம் உண்டு. நிஸார் அதை வாசிக்கவில்லை. சிபானாவும் வாசிக்கவில்லை. ஆனால் நனைந்த மீனுக்கு உடனே மறு உப்புப் போடாவிட்டால் நாறிவிடும் என்று சிபானாவுக்குத் தெரியும். பெண்களுக்குத் தறப்பாள்களைக் கட்டும் வேலை கிடந்தது.

"வந்தீங்கதானே. சட்டைக் கைய மடிங்க," என்றார் சிபானா நிஸாரிடம்.

"முழுக் குவியலுமா? இதுல எது ஆருட மீன்?"

"எல்லாம் எங்கட. வித்துப் பங்கு வைப்பம். உள்ளுக்குப் போங்க."

அவர் போனார். உள்ளே என்ன நினைத்தார் என்று நிஃப்லாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. வெட்கப்பட்டார் என்று வைக்கலாம். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் நேரே வாடிக்கு வருவதாக முடிவெடுத்தார் என்றும் வைக்கலாம். அடுத்த கூட்டத்தில் சுஜீவாவைத் தலைவராக்கத்—

(தொடரமாட்டேன். வேண்டுமானால் நீங்கள் உள்ளே போய் எழுதிக்கொள்ளுங்கள்.)

கடல் பக்கக் காற்று மழையை உப்பு மூட்டைகளின் மேல் அடித்தது. உப்பு அறைக் கதவின் தாழ்ப்பாள் எப்போதோ உடைந்துவிட்டது. வெளியே பூட்டினால்தான் நிற்கும்.

"முடிஞ்சாத் தட்டுங்க," என்று சொல்லிச் சிபானா கதவைச் சாத்தினார். கொண்டியில் ஆமைப்பூட்டை மாட்டி, திறப்பைத் துளையில் விட்டுத் திருகினார்.