இரண்டு காந்தாரம்

அன்று காலை போன் அடித்தபோது, அது கெட்டுப்போய்விட்டது என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். ஒரே மணிச் சத்தம் இரண்டாகப் பிளந்து கேட்டது. ஒன்று வழக்கமானது. இன்னொன்று அதைவிடக் கொஞ்சம் மேலே, தகரத்தைத் தட்டியதுபோல. கூப்பிட்டது அவள் அண்ணன். ஒத்திகையைக் கொஞ்சம் முன்னாலேயே ஆரம்பித்துவிடலாம் என்றான். வலது காதில் அவன் குரல் அவன் குரலாகவே இருந்தது. டீ டம்ளரை எடுப்பதற்காகப் போனை இடது காதுக்கு மாற்றினாள். அங்கே பேசியது அண்ணன் இல்லை. எவனோ மூக்கைப் பிடித்துக்கொண்டு குழாய்க்குள்ளிருந்து பேசினான்.

போனை வைத்துவிட்டு வயலினை எடுத்தாள். ஒரு தந்தியை மீட்டினாள். இரண்டு தந்தி ஒலித்தது. இடது காதைப் பொத்தினால் சரியாக இருந்தது. வலது காதைப் பொத்தினால் அதே சுரம் மேலே ஏறி, மெலிந்து, யாருடையதோ போலக் கேட்டது. மறுபடி பொத்தினாள், திறந்தாள். சில நாளாகவே அந்தக் காது அடைத்த மாதிரி இருந்ததுதான். சளி என்று நினைத்து வெந்நீரில் ஆவி பிடித்துக்கொண்டிருந்தாள். சளி சுரத்தை மாற்றாது என்பது அவளுக்குத் தெரியும். வேறு என்ன மாற்றும் என்று யோசிக்கத் தைரியம் வரவில்லை. ஒருவரிடமும் சொல்லாமல் பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பினாள்.

அந்தக் குழுவில் அவளுக்குச் 'சுருதிப்பெட்டி' என்று பெயர். சின்ன வயதில் வைத்தது, நாற்பதைத் தாண்டியும் ஒட்டிக்கொண்டிருந்தது. மேடையில் எல்லாரும் அவளிடம்தான் சுருதி சேர்த்துக்கொள்வார்கள். அண்ணன்தான் குழுவுக்குத் தலைவன். இசையமைப்பவன், கூடவே ஒலியைக் கம்ப்யூட்டரில் அளக்கிற பைத்தியமும் உண்டு. அவர்களுடைய அப்பா பாடகர். அவர் பாடும் காந்தாரம், அந்த 'க' சுரம், ஆர்மோனியத்தின் எந்தக் கட்டைக்கும் அடங்காது, இரண்டு கட்டைகளுக்கு நடுவே ஓரிடத்தில் நின்று நெஞ்சைப் பிசையும். அப்பா போன பிறகு அவருடைய பழைய ஒலிநாடாக்களையெல்லாம் அண்ணன் கம்ப்யூட்டரில் ஏற்றி, அந்தச் சுரம் எங்கே நிற்கிறது என்று மாதக்கணக்கில் அளந்தான். அதையே நடுவில் வைத்து வயலின், செல்லோ, குழல், தாளம் நான்கும் சேர்ந்து வாசிக்கிற புதிய உருப்படி ஒன்றை எழுதியிருந்தான். மயிரிழை பிசகினாலும் அந்த உருப்படி கூச்சலாகிவிடும். வரப்போகும் கச்சேரிக்காக, அவளை நம்பித்தான் எழுதினான்.

ஒத்திகை அறை ஒரு மரக்கடையின் மாடியில் இருந்தது. சுவரெல்லாம் பழைய கம்பளம் அடித்திருந்தார்கள். அவள் போய் உட்கார்ந்ததும் செல்லோக்காரர், "பெட்டி வந்தாச்சு, கடையைத் தொறக்கலாம்," என்றார். அவள் சிரித்துவைத்தாள். சுருதி வலது பக்கத்து ஸ்பீக்கரிலிருந்து வந்தது. வயலினோ அவளுடைய இடது காதடியில். கேட்ட சுரம் மேலே போவதாகத் தோன்றியதால் விரல் தானாகக் கீழே இறங்கியது. காந்தாரம் வந்த இடத்தில் கம்ப்யூட்டர் திரையில் அவளுடைய கோடு அண்ணன் போட்டிருந்த கோட்டுக்குக் கீழே ஓடியது.

அண்ணன் கையைத் தூக்கி நிறுத்தினான். இப்போது கேட்பான், தெரிந்துவிடும் என்று நினைத்தாள். அவன் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். மறுபடி வாசிக்கச் சொன்னான். வாசித்தாள். அதே கீழே.

"அப்போ நான் அளந்ததுதான் தப்பு," என்றான் அண்ணன். "அப்பா அதை அசைச்சு அசைச்சுப் பாடுவாரு. நான் சராசரி எடுத்தேன். சராசரி மேல போயிருக்கு. பாப்பா சரியான எடத்தைப் பிடிச்சிருக்கா."

செல்லோக்காரர் உடனே தலையாட்டி, மெஷினை நம்புவதா இவளை நம்புவதா என்று கேட்டால் தான் இவள் பக்கம் என்றார். குழல்காரர் உதட்டைத் திருப்பி ஊதிச் சுரத்தைத் தாழ்த்திப் பார்த்தார். எல்லாரும் அவளிடம் வந்து சேர்ந்துகொண்டார்கள். அவளைச் சுற்றி மூன்று பேரும் ஆறு பேராக ஒலித்தார்கள். எது சரி எது பிழை என்று அவளுக்கே தெரியவில்லை. அண்ணன் அந்த மாதக்கணக்கான கணக்கையெல்லாம் திருத்த உட்கார்ந்துவிட்டான். வாயைத் திற, திற என்று மனசு அடித்துக்கொண்டது. சொன்னால் அது நிஜமாகிவிடும் என்ற சின்னப்பிள்ளைத்தனமான பயம்.

தாளம் வாசிப்பவர் அவளுடைய அண்ணி. இடைவேளையில் அவள் கைகழுவப் போன இடத்துக்குப் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினார்.

"உன் இடது பக்கம் நின்னு எத்தனை தடவை கூப்பிட்டேன் தெரியுமா? திரும்பவே இல்லையே. என்ன ஆச்சு உனக்கு?"

"ஒண்ணுமில்ல அண்ணி."

"என்னைப் பாத்துச் சொல்லு."

அவள் பார்த்தாள். அதோடு அடக்கி வைத்ததெல்லாம் உடைந்தது. "எல்லாம் ரெண்டு ரெண்டா கேக்குது அண்ணி. நான் வாசிச்சது தப்பு. அண்ணன் அளந்ததுதான் சரி. எல்லாரும் என் தப்பைப் பாத்து வாசிக்கிறாங்க."

அண்ணி கணவனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஸ்கூட்டரில் அவளைப் பின்னால் உட்காரவைத்து நேரே காது டாக்டரிடம் கொண்டுபோனார். வழியெல்லாம் வாகனங்களின் ஹாரன் ஜோடி ஜோடியாகக் கத்தியது. அவள் அண்ணியின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். வலது காதுக்கு அமுக்கிக்கொண்டே இருந்தாள். இடது காதுக்கு மாற்றியபோது வெகுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை. மெஷினை இன்னும் போடவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக் கண்ணாடி வழியே பார்த்தாள். வெளியே இருந்த பெண் பொறுமையாக விசையைத் திருகிக்கொண்டுதான் இருந்தாள்.

உட்காதில் கேட்கும் நரம்பிழைகள் திடீரென்று அடிபட்டிருக்கின்றன என்று டாக்டர் விளக்கினார். கேட்கும் திறன் குறைவதோடு சுரமும் இடம் மாறித் தெரியும். காது அடைத்த முதல் நாளே வந்திருக்க வேண்டும் என்றார். அண்ணிதான், திரும்பி வருமா என்று கேட்டார்.

"வரலாம், பாதி வரலாம், வராமலும் போகலாம். யாராலயும் உறுதியா சொல்ல முடியாது. மருந்தை இப்பவே ஆரம்பிக்கணும், அவ்வளவுதான் நம்ம கையில இருக்கு."

மாத்திரை தந்தார்கள். காதுத் திரை வழியாக உள்ளே ஊசியும் போட்டார்கள். போட்ட பிறகு எச்சில்கூட விழுங்காமல், பேசாமல், காது மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுத்திருக்கச் சொன்னார்கள். மருந்து உள்ளே உருண்டபோது அறை சுழன்றது. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அப்பா பாடுவதை மனசுக்குள் கேட்டுப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு உண்மையிலேயே குலை நடுங்கியது.

அவள் எழுந்து உட்கார்ந்த பிறகுதான் அண்ணன் வந்து சேர்ந்தான், அவன் முகம் வெளிறியிருந்தது. திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவளுடைய வலது பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தான். கச்சேரியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

"அப்பாவோட காந்தாரம் எப்படிக் கேக்குது பாப்பா?"

"தெரியலண்ணா. வெளிய கேக்குறது போகட்டும். உள்ள நெனைச்சாக்கூட ரெண்டா வருது."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்த பிறகு அவனுக்குப் பழைய பைத்தியம் பிடித்துக்கொண்டது. கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து, ஒரு காதில் ஒரு சுரத்தைக் கொடுத்து, மறு காதில் அதற்குச் சமமாகத் தோன்றும்வரை அவளைத் திருகச் சொன்னான். தாழ்ந்த சுரங்களில் இரண்டு காதும் ஒத்துப்போயின. அப்பாவின் காந்தாரம் இருந்த இடத்தில்தான் திரையில் இரண்டு காதின் கோடுகளும் பிரியத் தொடங்கின. மேலே போகப் போக விலகின. தன்னுடைய பயத்தைப் படமாகப் பார்ப்பது அவளுக்கு விநோதமாக இருந்தது. ஆனாலும் எவ்வளவு தூரம் கெட்டிருக்கிறது என்று தெரியாமல் தவிப்பதைவிட அது தேவலை. மருந்து ஏற ஏற அந்தக் கோடுகள் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கின. சில நாள் நெருங்கும், சில நாள் நெருங்கவே நெருங்காது. அந்த நாட்களில் அவள் சாப்பாட்டைத் தொடமாட்டாள்.

வழி ஒன்று தற்செயலாகத்தான் கிடைத்தது. செல்லோக்காரர் அவளைப் பார்க்க வந்து சும்மா வாசித்துக்கொண்டிருந்தார். அவள் செல்லோவின் மரத்தில் கையை வைத்தபடி தன் தந்தியை மீட்டினாள். இரண்டும் ஒத்துப்போகாதபோது உள்ளங்கையில் துடிப்பு ஒன்று விம்மி விம்மி வந்தது. முறுக்காணியைத் திருகத் திருக அது மெதுவாகி, சுரம் சேர்ந்ததும் நின்றே போயிற்று. காதைக் கேட்காமலே கை சொல்லிவிட்டது. அண்ணனிடம் சொன்னாள். அவன் அப்படியே எழுந்து போய்விட்டான். பழைய ஸ்பீக்கர் ஒன்றைப் பிரித்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு தகடு செய்தான். முதலில் அளந்து வைத்திருந்த அப்பாவின் காந்தாரம் அதற்குள் அதிரும். அவளுடைய கழுத்தெலும்பில் ஒட்டிக்கொண்டு வாசித்தால் தன் சுரம் சேர்கிறதா என்று எலும்பே சொல்லும். முதல் தடவை ஒட்டியபோது தகடு வயலினையே உதறி ஊளையிட்டது. மிக்ஸியா வாங்கி வந்தாய் என்று செல்லோக்காரர் கேட்டார். பஞ்சு வைத்து, விசையைக் குறைத்து, நாலைந்து தகடு பாழான பிறகுதான் அது சொன்ன பேச்சைக் கேட்டது.

கச்சேரி நாளில் அவள் இடம் மாறி உட்கார்ந்தாள், எல்லாரும் வலது பக்கம் இருக்கும்படி. எட்டாத உயரத்துச் சுரங்கள் வரும் பகுதியைக் குழல்காரருக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டாள். கொடுக்கும்போது கண் கலங்கியது, சண்டை போடவில்லை.

உருப்படியின் நடுவில், நான்கு பேரும் காந்தாரத்தில் சேர்ந்து நிற்க வேண்டிய இடத்துக்குச் சற்று முன்னால், இடது காதில் இரைச்சல் கிளம்பியது. கடல் புகுந்த மாதிரி. செல்லோவும் கேட்கவில்லை, தன் வயலினும் கேட்கவில்லை. வில்லை எடுத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கண்ணை மூடி, தகடு ஒட்டிய எலும்பை மட்டும் கவனித்தாள். துடிப்பு விம்மியது. விரலை ஒரு பொட்டு மேலே நகர்த்தினாள். துடிப்பு தயங்கி, நீண்டு, அடங்கியது. அந்த இடத்திலேயே விரலை அழுத்திக்கொண்டு, மூச்சுகூட விடாமல், அண்ணியின் தாளம் முடியும்வரை நின்றாள்.

கைதட்டல் அவளுக்கு ஒரு பக்கமாகத்தான் கேட்டது. நன்றாக இருந்ததா என்று தெரியவில்லை. திரைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்ததும் அண்ணி தண்ணீர் கொடுத்தார். அண்ணன் எதிரே குந்தி உட்கார்ந்து, ஒரு சுரமும் பிசகவில்லை என்றான். பிறகு தயங்கித் தயங்கி, அடுத்த ஊரிலும் கேட்கிறார்கள், வாசிப்பாயா என்று கேட்டான்.

"வாசிக்கிறேன்," என்றாள். "ஆனா பயந்துகிட்டேதான் வாசிப்பேன்ண்ணா. இது இனிமே போகாது."

"நானும் பயந்துகிட்டேதான் உன்னை உக்கார வச்சேன்," என்றான் அவன். தரையில் கிடந்த ஒயர்களைச் சுருட்ட ஆரம்பித்தான். அவளும் குனிந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.