ஷியோவின் முகம்

ஷியோ முகத்தைக் காட்டவே மாட்டாள். அந்த ஜப்பானிய அனிமே தொடரின் ரசிகர்களுக்கு இது வேதவாக்கு. எத்தனை கிரகம் எரிந்தாலும் சரி, விண்கலம் ஓட்டும் அந்தப் பெண் கடைசிவரை ஹெல்மெட்டைக் கழற்றுவதில்லை.

கொல்கத்தா லேக் கார்டன்ஸில் தாராவும் எதிர் ஃப்ளாட் மாதவும் பள்ளி விட்டு வந்ததும் அதைத்தான் பார்ப்பார்கள். தாராவுக்கு ஷியோ என்றால் உயிர். காரணம் மாதவுக்கு மட்டும்தான் தெரியும். தாராவின் கன்னத்திலும் உதட்டோரத்திலும் வெண்திட்டுகள். "உள்ள அவளுக்கும் என் மூஞ்சி மாதிரியே இருந்தா?" என்று ஒருநாள் அவனிடம் கேட்டிருந்தாள். வேறு யாரிடமும் அவள் அப்படி வாய்விட்டுக் கேட்டதில்லை.

மாதவ் வளர்ந்து இயக்குநரானான். அந்தத் தொடரை வங்காள மொழியில் படமாக்கும் உரிமை அவனுடைய தயாரிப்பாளருக்குக் கிடைத்ததும், டாலிகஞ்ச் ஸ்டுடியோவிலிருந்து நேரே தாராவிடம் ஓடி வந்தான். ஷியோவுக்குக் குரல் கொடுக்க நட்சத்திரம் மேக்னா. கவசத்துக்குள் நடிக்க தாரா.

"ஹெல்மெட்டைக் கழட்டக் கூடாது. அதுக்கு ஒத்துண்டா வரேன்."

"கழட்டவே மாட்டோம், தாரா. ப்ராமிஸ்."

கோடை முழுக்க அந்த ஃபைபர் கூட்டுக்குள் வெந்தாள். ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை. சுளித்திருந்தாலும் யாருக்குத் தெரியப்போகிறது!

படம் முடிந்து, ரசிகர்களுக்கென்று ஒரு சிறப்புக் காட்சி போட்டார்கள். கடைசிக் கட்டத்தில் ஷியோ எரியும் கலத்திலிருந்து இறங்கி மண்டியிட்டாள். கைகள் மேலே போயின. அவை தன் கைகள் இல்லை என்று தாராவுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஹெல்மெட் கழன்றது. உள்ளே மேக்னா. அவள் கன்னத்திலும் உதட்டோரத்திலும் வெள்ளைச் சாயத் திட்டுகள்.

அரங்கமே "இஷ்ஷ்!" என்று பரிதாபப்பட்டது. பின்வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

தாராவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நம்பிச் சொன்ன ஒரு பேச்சை எடுத்து, ஊரே உச்சுக்கொட்டும்படி கடை விரித்துவிட்டானே பாவி! இதைவிட முதுகில் கத்தியையே சொருகியிருக்கலாம்.

வெளியே வந்ததும் அவனைப் பிடித்தாள். மாதவ் மென்று விழுங்கினான்.

"ஸ்டார் மூஞ்சி தெரியலேன்னா படம் ஓடாதுன்னுட்டார் ப்ரொட்யூசர். சரி, உனக்கு ஒரு ட்ரிப்யூட்டா இருக்கட்டுமேன்னு..."

"என்னை ஒரு வார்த்தை கேட்டியாடா?"

"கேட்டா நீ வேண்டாம்னிருப்பே."

"அது தெரிஞ்சுதானே கேக்கலே?"



அதற்குள் ஷியோ படம் போட்ட சட்டையோடு ஒரு கல்லூரிப் பெண் ஓடி வந்தாள். தாராவின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "தாருண், தீதி! பிரமாதம் அக்கா!" என்று வங்காள மொழியில் கூவினாள். "மேக்னா தீதியைவிட உங்க மேக்கப் தத்ரூபமா இருக்கு! யார் போட்டுவிட்டாங்க?"

தாரா மாதவைக் காட்டினாள்.

"இவர்தான்."

அந்தப் பெண் பூரித்துப்போய் இருவரையும் சேர்த்து நிற்கவைத்து போனைத் தூக்கினாள். தாரா நிமிர்ந்து காமிராவைப் பார்த்தாள். மாதவ்தான் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.