பச்சை மூடி

ஜம்ரி அதைப் பார்த்திருக்கவே கூடாது. பார்த்துத் தொலைத்துவிட்டான். வாசலில் நின்ற மனைவியின் காரில் மூன்று சக்கரங்களுக்குக் காற்றடைக்கும் வாயில் கறுப்பு மூடி. முன்பக்கத்து இடது சக்கரத்துக்கு மட்டும் பச்சை மூடி.

பச்சை மூடி என்றால் உள்ளே நைட்ரஜன். டயர் தொழிலில் இருக்கிற எவனுக்கும் அது தெரியும். ஜம்ரி நைட்ரஜன் போடுகிறவன் இல்லை. "காத்துல முக்காவாசி அதுதானே இருக்கு, அதைத் தனியா விக்கணுமா?" என்று கேலி பேசுகிறவன். வேனில் கருவிகளை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் வந்து டயர் மாட்டித் தருகிறவர்கள் மலேசியாவின் இந்தக் குளுவாங் ஊரில் இரண்டே பேர். ஒருவன் ஜம்ரி. மற்றவன் ஹெல்மி. நைட்ரஜன் ஹெல்மியிடம்தான்.

ஹெல்மி பேரைக் கேட்டாலே ஜம்ரிக்கு வயிறு எரியும். ஒரு காலத்தில் இரண்டு பேரும் ஒரே பட்டறையில் கரி பூசிக்கொண்டு கிடந்தவர்கள். இப்போது அவனுக்குப் புது வேன், கையுறை, மண்டி போட ஒரு குட்டி மெத்தை. போதாக்குறைக்கு, வேலை முடிந்ததும் ரிம்மைத் துடைத்துப் பளபளவென்று ஆக்கிவிட்டுப் போவான். ஊர்ப் பெண்கள் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்கள்.

ஜம்ரி குனிந்து பார்த்தான். நாலு ரிம்மில் அந்த ஒன்று மட்டும் பளபளத்தது.

டயர்க்காரன் பெண்டாட்டியின் டயரில் அடுத்தவன் கை வைத்திருக்கிறான். அவள் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தான். "கார் எப்படி ஓடுது மஸ்?"

"நல்லாத்தான் ஓடுது," என்றாள் மஸ்துரா.

"தொந்தரவு ஒண்ணும் இல்லையே?"

"என்ன தொந்தரவு? கறி ஆறுது, சாப்பிடுங்க அபாங்." அபாங் என்றால் அண்ணன்; புருஷனையும் அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அந்த 'நல்லாத்தான்' மீன் முள்ளாகத் தொண்டையில் நின்றது. ராத்திரி முழுக்க அவன் மனக்கண்ணில் ஹெல்மி மெத்தையில் மண்டி போட்டுக்கொண்டு அவளிடம் சிரித்துச் சிரித்துப் பேசினான்.

மறுநாள் ஒரு காரியம் செய்தான், வெட்கம்கெட்ட காரியம். மஸ்துரா வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரி வாசலில் அவள் கார் நின்றது. செருப்பைச் சரிசெய்கிற மாதிரி உட்கார்ந்து பச்சை மூடியைத் திருகி எடுத்தான். காற்றை இறக்கினான். மூடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வேனைப் பின்தெருவில் நிறுத்திவிட்டு, எதிர்ச்சாரியிலிருந்த கோப்பிக் கடையில் தூண் மறைவில் உட்கார்ந்தான். அவள் யாரைக் கூப்பிடுகிறாள் என்று இன்று தெரிந்துவிடும். ஹெல்மியைக் கூப்பிட்டால் கதை முடிந்தது.

"என்னப்பா, டயர்க்காரருக்கு இன்னிக்கு வேலை இல்லையா?" என்று கேட்டார் கடைக்காரச் சீனர்.

"கஸ்டமருக்காகத்தான் காத்திருக்கேன்."

"கஸ்டமர் உனக்காகக் காத்திருந்துதான் நான் பாத்திருக்கேன்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஜம்ரியிடம் இரண்டு பதில்கள் உண்டு. வாடிக்கையாளர் கூப்பிட்டால், குளியலறையில் நின்றுகொண்டே "வழியில இருக்கேன்" என்பான். வீட்டிலிருந்து யார் கூப்பிட்டாலும் "கெஜாப்" என்பான். ஒரு நிமிஷம் என்று அர்த்தம். அவன் வாயிலிருந்து வந்தால், பொழுது சாயும்வரை என்று அர்த்தம்.

சாப்பாட்டு நேரத்தில் மஸ்துரா வெளியே வந்தாள். டயரைப் பார்த்தாள். குனிந்து, மூடியில்லாத வாயை விரலால் தொட்டாள். போனை எடுத்துக் காதில் வைத்தாள். ஜம்ரி தன் போனை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அது சும்மா கிடந்தது. பாவி, ஹெல்மியைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தான். அப்புறம்தான் போன் அலறியது.

"அபாங், டயர்ல காத்து இறங்கிடுச்சு."

"வழியில இருக்கேன் மஸ்!"

அவள் தலையை நிமிர்த்தித் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். "சரி," என்று வைத்துவிட்டாள்.

அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தூரத்திலிருந்து வருகிறவன் மாதிரி வேனில் ரெண்டு தெரு சுற்றிவிட்டு வந்து நின்றான். காற்றடித்தான், சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தான், நெற்றியைச் சுருக்கினான்.

"ஆணி ஒண்ணும் இல்லை. சும்மா இறங்கியிருக்கும்."

மஸ்துரா கையை நீட்டினாள். "என் மூடியைக் குடுங்க."

"எந்த மூடி?"

"நீங்க எடுத்து வெச்சிருக்கிற மூடி." அவள் குரலை உயர்த்தவில்லை. "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எனக்கு 'கெஜாப்'தான் சொல்லியிருக்கீங்க. இன்னிக்கு 'வழியில இருக்கேன்'னீங்க. அப்பவே தெரிஞ்சுபோச்சு, பக்கத்துலதான் எங்கேயோ பதுங்கியிருக்கீங்கன்னு."

அவன் மூடியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். வேறு வழி?

"போன வாரம் மார்க்கெட் பக்கத்துல ஆணி ஏறிடுச்சு. உங்களைத்தான் கூப்பிட்டேன். 'கெஜாப்'னீங்க. மீன் பையோட வெயில்ல நின்னேன். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கலை. அப்புறம்தான் ஹெல்மி. 'அபாங் ஜம்ரி எங்கே'ன்னு கேட்டான். ஊர்ல இல்லைன்னு பொய் சொன்னேன், உங்க மானம் போகக் கூடாதுன்னு. ராத்திரி வந்து, மீன் ருசியா இருக்குன்னு சாப்பிட்டீங்க."

அவனுக்கு ஞாபகம் வந்தது. தோட்டத்து மேனேஜரின் பெரிய காருக்கு நாலு புது டயர் மாட்டிக்கொண்டிருந்த நாள். அன்றைக்குக் 'கெஜாப்' சொன்னது ஞாபகம் வந்தது. சொல்லிவிட்டு மறந்ததும் வந்தது. மீனும் ஞாபகம் வந்தது.

"நான் யாரைக் கூப்பிடுறேன்னு பாக்கத்தானே காத்தை இறக்கினீங்க? ரெண்டு தடவையும் உங்களைத்தான் கூப்பிட்டேன்."

ஜம்ரி வேனுக்குள் துழாவி ஒரு கறுப்பு மூடியை எடுத்து வந்து நீட்டினான். "இதைப் போட்டுடலாம் மஸ். நாலும் ஒரே மாதிரி இருக்கும்."

அவள் அதை வாங்கவில்லை. தானே உட்கார்ந்து பச்சை மூடியைத் திருகி இறுக்கினாள்.

"இதுவே இருக்கட்டும்," என்றாள். "தினமும் உங்க கண்ணு முன்னால வீட்டு வாசல்லதானே நிக்கப் போகுது."