காட்டுப்பாக்கத்தில் ஒரு சபை

தென்மாவட்ட நாசரேத்திலிருந்து காட்டுப்பாக்கத்துக்குச் சபை தொடங்க வந்த போதகர் ஆசீர்வாதம் தனி ஆள். ஹார்டுவேர் கடை மாடியில் வாடகை ஹால் எடுத்து நாற்பது நாற்காலி போட்டார். இரண்டு வருடத்தில், வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பெரிய சபைகளுக்குப் போய்விட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை, எதிர் அடுக்குமாடியில் வீட்டுவேலை செய்யும் ஞானம்மாள் மட்டும் வந்தாள்.

மைக்கில் பிரசங்கத்தைத் தொடங்கியவர், காலி நாற்காலிகளைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினார்.

"ஒருத்திக்கு இன்னாத்துக்கு பாஸ்டரே மைக்கு?" என்றாள் ஞானம்மாள். "நான் வேலை செய்ற ஊட்ல ராகவன் சார் கீறாரு. ஆவடி பேக்டரில ரிட்டயர் ஆனவரு. சம்சாரம் தவறிப்போயி ரெண்டு மாசமாவுது. பேச்சுத்துணைக்கு ஆளில்ல. செத்த நேரம் குந்திக்கினு வாங்களேன்."

"மதம் மாத்த வந்தேன்னு நினைச்சிருவாரேம்மா."

"நீங்க ஒண்ணியும் பேச வாணாம். அவரு பேசுவாரு."

ஆசீர்வாதம் போனார். ராகவன் மனைவியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசி, கொஞ்சம் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சாப்டீங்களா?" என்றார்.

இரண்டு வருடத்தில் இந்த ஊரில் ஆசீர்வாதத்தை யாரும் அப்படிக் கேட்டதில்லை. "இல்ல" என்று உண்மையைச் சொன்னார். இருவரும் ரசம் சாதம் சாப்பிட்டார்கள்.

அடுத்த மாதம் ஹாலைக் காலி செய்தார். இப்போது ஞானம்மாள் வீட்டில் ஐந்து பேரோடு ஆராதனை நடக்கிறது. மற்ற நாட்களில், தனியாக இருப்பவர்களை அவள் சொல்லச் சொல்லப் போய்ப் பார்க்கிறார். ஆனாலும் சாயங்காலம் தன் அறையைத் திறக்கும்போது, உள்ளே விளக்குப் போட ஒருவரும் இல்லை என்பது தினமும் உறுத்துகிறது.