வெட்டிய விதி

எங்கள் அமைப்புக்குத் தலைவரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். குடிநீர் இல்லாத இடங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோக எண்பத்திரண்டு நாடுகள் சேர்ந்து நடத்தும் அமைப்பு இது. அவற்றில் நாலைந்து பெரிய நாடுகளுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் மாப்பிள்ளை வீட்டார். அவர்கள் ஓர் ஆளைக் காட்டுவார்கள், மற்றவர்கள் கை தூக்குவார்கள். யார் தூக்கவில்லை என்று பார்ப்பதற்கென்றே பின்வரிசையில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். கை தூக்காத நாட்டின் மனு அடுத்த வருடம் முழுக்க அலமாரியில் தூங்கும்.

நான் விதிகள் பிரிவில் இருபத்தாறு வருடமாக இருக்கிறேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் அதைத் தாளில் மட்டும்தான் காட்டத் தெரியும். ஆறு வருடம் முட்டி மோதிப் புதிய விதிகளைக் கொண்டுவந்தேன். போட்டியாளர்களை எல்லார் முன்னாலும் கேள்வி கேட்க வேண்டும். திரைக்குப் பின்னால் போய் ரகசியமாக வாக்களிக்க வேண்டும். அமைப்பில் வேலை பார்ப்பவர் போட்டியிடுவதானால் முதலில் வேலையை விட வேண்டும், பதவியை வைத்து ஆள் பிடிக்கக் கூடாது பாருங்கள். திரைத்துணி எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும் என்பதுவரை எழுதினேன்.

விதிகள் நிறைவேறிய வாரமே அண்ணி வீட்டுக்குப் போனேன். இறந்துபோன என் அண்ணனின் மனைவி அவர். எங்கள் அமைப்பிலேயே பொறியாளர். அகதி முகாம்களில் கிணறு தோண்டி முப்பத்தொரு வருடம் ஓட்டியவர். அவர் கை வைத்தால் பாறையிலும் ஊற்று வரும் என்பார்கள். அதெல்லாம் புருடா. எங்கே கை வைக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

நான் விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"ரிட்டயராக இன்னும் நாலு வருஷம் இருக்கு தம்பி. முகாம்ல வேலை தலைக்கு மேல கிடக்கு. அதை விட்டுட்டு நான் எலெக்‌ஷன்ல நிக்கவா?"

"உங்களை விட்டா யாருக்கு அண்ணி இந்த வேலை தெரியும்?"

"தெரிஞ்சவங்களையா அங்க உக்கார வைக்கிறாங்க? மாப்பிள்ளை வீட்டார் விடுவாங்களா?"

"யார் யாருக்குப் போட்டாங்கன்னு அவங்களுக்குத் தெரியவே தெரியாது. விதியை எழுதினது நான்."

அந்தக் கடைசி வார்த்தையை அண்ணி நம்பிவிட்டார். அடுத்த திங்கட்கிழமை வேலையை விட்டார்.

கேள்வி நேரம் ஒரு காலைப்பொழுதில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டாரின் ஆள் ஒரு முன்னாள் மந்திரி. முகாமில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் வேண்டும் என்று கேட்டார்கள். அவர் திரும்பித் தன் உதவியாளரைப் பார்த்தார். பிறகு, அது சூழ்நிலையைப் பொறுத்தது என்றார்.

அண்ணியிடமும் அதையே கேட்டார்கள். "பதினஞ்சுன்னு புத்தகத்துல இருக்கும். வரிசையில கடைசியா நிக்கிற அம்மாவுக்கு நாலுதான் கிடைக்கும். நான் அந்தக் கடைசி அம்மாகிட்ட இருந்துதான் ஆரம்பிப்பேன்" என்றார். மண்டபமே கை தட்டியது. எங்கள் நாட்டுப் பிரதிநிதி ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, நீங்க ஜெயிச்சாச்சு" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மதியம் வாக்குப்பதிவு. போட்டியாளரின் உறவினன் என்பதால் என்னை எண்ணும் மேசையிலிருந்து விலக்கி, திரைக்குப் பக்கத்தில் வரிசையைக் கவனிக்க நிறுத்தினார்கள். முதல் பிரதிநிதி உள்ளே போனார். 'க்ளிக்' என்று ஒரு சத்தம். பேனா மூடியாக இருக்கும் என்று நினைத்தேன். அடுத்தவர் போனார், மறுபடி க்ளிக். ஐந்தாவது ஆள் வெளியே வரும்போதே கட்டைவிரலால் போனில் எதையோ அனுப்பிக்கொண்டு வந்தார். வாக்குச்சீட்டைப் படம் எடுத்து மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டுகிறார்கள்.

அவைத்தலைவரிடம் ஓடினேன். எதற்கும் தலையாட்டுவார் என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் தலையாட்டி. அன்றைக்கென்று அவர் தலை ஆடவில்லை.

"ஐயா, உள்ள சீட்டைப் போட்டோ எடுக்கறாங்க."

"எடுக்கக் கூடாதுன்னு எந்த விதியில இருக்கு?"

என் வரைவில் இருந்தது, ஒன்பதாவது விதி: கைபேசியை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கடைசி நாள் பேச்சில் மாப்பிள்ளை வீட்டார், எங்கள் அரசாங்கம் எந்த நேரமும் எங்களைக் கூப்பிடும், அதை மட்டும் எடுத்துவிடுங்கள், மீதி எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறோம் என்றார்கள். ஒரு வரிதானே என்று என் பேனாவாலேயே வெட்டினேன். அன்று வீட்டுக்குப் போய் ஜெயித்துவிட்டேன் என்று வேறு சொன்னேன்.

திரும்பிப் போய் அதே இடத்தில் நின்றேன். பழைய முறையில் கை தூக்கும் நேரம் பார்த்துப் பாத்ரூமுக்குப் போய்த் தப்பித்தவர்கள் உண்டு. அவர்களும் இன்று வரிசையில் நின்றார்கள். இப்போது எல்லாரும் படம் காட்டியாக வேண்டுமே. எங்கள் நாட்டுப் பிரதிநிதி என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார். சத்தம் எதுவும் வரவில்லை. ஒரு நொடி எனக்கு உயிர் வந்தது. பிறகு திரைக்கு மேலே பளிச்சென்று ஒரு வெளிச்சம் அடித்தது. பாவம், அவருக்கு போனின் ஃப்ளாஷை அணைக்கத் தெரியவில்லை.

எழுபத்தைந்து வாக்கு முன்னாள் மந்திரிக்கு, ஏழு அண்ணிக்கு. எங்கள் வரலாற்றிலேயே மிக நேர்மையான தேர்தல் என்று மந்திரி மேடையில் சொன்னார். இறங்கும்போது தலையாட்டி என் தோளைத் தட்டினார். "இன்னும் ரெண்டு அமைப்புல இந்த விதிகளைக் கேக்கறாங்கப்பா. பிரதி எடுத்து வை. நல்லா வேலை செய்யுது."

அண்ணி போட்டியாளர் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"ஏழு பேர் யாரா இருக்கும்?"

"போன்ல சார்ஜ் தீந்துபோனவங்களா இருக்கும்."

அவருக்குப் புரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், வெட்டிய வரியையும் சேர்த்து.

"அந்த வரியை நீ வெட்டாம இருந்திருந்தா?"

"மொத்த விதியும் போயிருக்கும் அண்ணி. பழையபடி கை தூக்கறதுதான்."

"அப்ப நீ என் வீட்டுக்கு வந்திருக்க மாட்டே."

"மாட்டேன்."

"நான் இந்நேரம் முகாம்ல இருந்திருப்பேன்."

"ஆமா."

"நீ இந்த நல்லதைப் பண்ணாமலே இருந்திருக்கலாம் தம்பி."

கோபமாகச் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்துத்தான் சொன்னார். யோசித்துப் பார்த்தபோது எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.