ஓடாத மெஷின்

இந்தோனேசியாவின் செமாராங் நகரில், சந்தைத் தெருவிலிருந்த தையல் மெஷின் கடையின் பின்கட்டில், பழைய தையல் மெஷின் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, மண்ணெண்ணெயில் தோய்த்த பல் பிரஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள் லஸ்த்ரி. எந்த மகராசியோ தேங்காய் எண்ணெயை ஊற்றி ஊற்றி, உள்ளே எல்லாம் கோந்தாய் இறுகிக் கிடந்தது.

துணி ஆலையில் ஆட்குறைப்பு நடந்தபோது வெளியே வந்தவள், இங்கே கற்றுக்குட்டிக் கூலிக்குச் சேர்ந்திருந்தாள். வீட்டில் சொந்தமாக ஒரு மெஷின் இருந்தால் பள்ளிச் சீருடை தைத்தாவது பிழைத்துக்கொள்ளலாம். எல்லோரும் மரியாதையாக 'பாக்' என்று கூப்பிடும் முதலாளி ஹர்ஜோவிடம் கேட்டதற்கு, "மூலையில ஓடாம கிடக்குதே, அதுல ஒண்ணை எடுத்துக்கம்மா" என்று தாராளமாகச் சொன்னார்.

அதை நம்பி ஒன்றைச் சரிசெய்தாள். அது ஓடியது. "ஓடுதுல்ல? அப்ப அது விக்கிற சரக்கு. வேற எடுத்துக்க" என்று கண்ணாடி ஜன்னலில் வைத்துவிட்டார். இரண்டாவதும் அப்படியே போனது.

இது மூன்றாவது. பலம் காட்டினால் உடையும் என்று இப்போது கைக்கே தெரிந்திருந்தது. ஒவ்வொரு மூட்டிலும் மண்ணெண்ணெய் சொட்டிவிட்டுக் காத்திருந்தாள். மத்தியானம் சக்கரம் வழுக்கிக்கொண்டு சுற்றியது.

பக்கத்தில் மெஷின் பலகைக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்த சக வேலைக்காரி முர்னி துள்ளினாள். "அடியே, சுத்துதுடி!"

"கத்தித் தொலைக்காத. இதுவும் ஜன்னலுக்குப் போயிடும்."

லஸ்த்ரி சிவப்பு நூலை உருட்டி, அடிநூல் சுற்றிய பாபின் ஓடும் பள்ளத்தில் குச்சியால் திணித்தாள். நூல் சிக்கினால் மெஷின் நின்றுவிடும் என்பது ஆலையில் வேலை பார்த்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

"என்னம்மா, அசையுதா?" ஹர்ஜோ வந்து நின்றார்.

"இல்ல பாக். கல்லு மாதிரி நிக்குது."

அவர் இரண்டு கையாலும் சக்கரத்தைத் திருகிப் பார்த்தார். நகரவில்லை.

"செத்த மெஷின். தூக்கிட்டுப் போ" என்றவர், போகிற போக்கில் திரும்பினார். "அடுத்த மாசம் உனக்கு மெக்கானிக் கூலி போடலாம்னு இருந்தேன். இதைக்கூட அசைக்க முடியலையே. இன்னும் கொஞ்ச நாள் கத்துக்க."

முர்னி வாயைத் திறந்தாள். லஸ்த்ரி அவள் காலை அழுத்தி மிதித்தாள்.

"ஆமா பாக். எனக்கு இன்னும் கை வரல."

சைக்கிள் கேரியரில் மெஷினை வைத்துக் கட்டும்போது, ஊசித் தகட்டின் ஓரம் சிவப்பு நூலின் நுனி எட்டிப் பார்த்தது. கறுத்துப்போன நகத்தால் அதை உள்ளே தள்ளிவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தாள்.