தாராளமா ஓடும்

கம்ப்யூட்டர் கடையில் அவளுக்கு 'ஓடுமாக்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது அந்த ஒன்றைத்தான். சுவரில் மாட்டிய படம் போல மெலிசாக நிற்கும் ஆல்-இன்-ஒன் கம்ப்யூட்டரின் முன்னால் நின்று, அதன் விளிம்பை விரலால் தடவி, "இதுல கேம் ஓடுமா?" என்பார்கள். மற்ற விற்பனையாளர்கள் யோசிக்காமல் தலையாட்டிவிடுவார்கள். அவள் மூன்று கேள்வி கேட்பாள். எந்த கேம்? ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்? தனியாகவா, நாலு பேரோடு சேர்ந்தா?

மூன்றாவது கேள்வி அவளே கண்டுபிடித்தது. தனியாக ஆடுகிறவன் படம் திக்கித் திணறினாலும் சகித்துக்கொள்வான். சேர்ந்து ஆடுகிறவனை மற்றவர்கள் சகித்துக்கொள்ள மாட்டார்கள். அந்தத் திரையின் முதுகில் ஒரு விரற்கடை இடத்துக்குள் எல்லாவற்றையும் அடைத்திருக்கிறார்கள். உள்ளே இருப்பது லேப்டாப் சாமான்தான். கேமின் படத்தை வரைந்து தள்ளும் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, பின்னால் வாங்கிச் செருகவும் இடம் கிடையாது. விசிறி உள்ளங்கை அளவுகூட இல்லை. கடிதம் அடிக்க, படம் பார்க்க, சீட்டாட, ஐந்தாறு வருஷத்துப் பழைய கேம் ஆட அது போதும். புதிதாக வந்த பெரிய கேம் என்றால் முதல் இருபது நிமிஷம் நல்ல பிள்ளையாக நடிக்கும். பிறகு சூடேறி மூச்சு வாங்கும். இதை முகத்துக்கு நேரே சொல்லி எத்தனையோ விற்பனையை அவள் கெடுத்திருக்கிறாள். முதலாளி முணுமுணுப்பார், ஆனால் அவளிடம் வாங்கிய யாரும் திரும்பி வந்து சண்டை போட்டதில்லை என்பதால் விட்டுவிடுவார். உறவில் யார் எதை வாங்குவதென்றாலும் அவளை ஒரு வார்த்தை கேட்காமல் வாங்குவதில்லை. படிப்பு பாதியில் நின்றுபோனவளுக்கு அது ஒரு பட்டம் மாதிரி இருந்தது.

நாத்தனார் கேட்டபோது அவள் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. மூன்றுக்கும் விடை தெரியும்.

நாத்தனார் ஆஸ்பத்திரியின் துணி அறையில் வேலை பார்த்தாள். காலை ஆறு மணிக்குப் போய்ப் படுக்கை விரிப்புகளைப் பிரித்து, கிழிந்ததை ஒதுக்கி, மடித்து அடுக்கிவிட்டு மத்தியானம் வீடு வருவாள். கல்யாணம் ஒரே வருஷத்தில் முறிந்து, ஒரு பெட்டி துணியோடும் ஒரு பெரிய கம்ப்யூட்டரோடும் அண்ணன் வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. முன்னறையின் மூலையில் அந்தக் கருப்புப் பெட்டி உறுமிக்கொண்டு நிற்கும். நாலு மணிக்கு உட்கார்ந்தால் எட்டு மணிக்கு எழுந்திருப்பாள். நெட்டில் சேர்ந்து கேம் ஆடும் ஐந்து பேர் கொண்ட அணி. தூரத்திலிருந்து குறி பார்த்துச் சுடுவது அவள் வேலை; அதனால் அவர்களுக்கு அவள் 'ஊசி'. மற்ற நாலு பேரும் நாலு ஊர். யாரையும் நேரில் பார்த்ததில்லை. புருஷன் வீட்டிலிருந்து அவள் கிளம்பிய அன்று பஸ்ஸில் அழுதுகொண்டு வந்த நாலு மணி நேரமும் போனை வைக்காமல் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் அந்த நாலு பேர்தான். இதை அவளே ஒரு நாள் பாத்திரம் தேய்க்கும்போது சொல்லியிருக்கிறாள்.

நல்ல பெண். இரைந்து பேச மாட்டாள், தன் துணியைத் தானே துவைப்பாள், அண்ணி வருவதற்குள் சோறு வடித்து வைத்திருப்பாள். அவள் மேல் குறை சொல்ல ஒன்று கிடைத்திருந்தால் இவளுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

கிடைத்ததெல்லாம் சிரிப்பு. நாள் முழுவதும் நின்று வீங்கிய காலோடு ஏழரை மணிக்குச் செருப்பைக் கழற்றும்போது முன்னறையிலிருந்து அந்தச் சிரிப்பு வரும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்டி, நாற்காலி கிறீச்சிட. ஒரு முறை அவளும் பக்கத்தில் போய் நின்று, கடையில் ஒரு கிழவர் மவுஸைத் திரையிலேயே வைத்து இஸ்திரிப் பெட்டி மாதிரி தேய்த்ததைச் சொன்னாள். நாத்தனார் ஹெட்செட்டை ஒரு காதிலிருந்து விலக்கி, "என்ன அண்ணி சொன்னீங்க?" என்றாள். இவள் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். "ஓ," என்றாள் நாத்தனார் மரியாதையாக. காதை மூடிக்கொண்டாள்.

அவ்வளவுதான் நடந்தது. அதை இவள் எத்தனையோ முறை எடுத்துப் பார்த்திருக்கிறாள். பெரிதாகச் சொல்ல அதில் ஒன்றுமில்லை. ஆனாலும் அது உள்ளே எங்கோ ஒட்டிக்கொண்டு, தொட்டால் வலித்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை கருப்புப் பெட்டி 'டப்'பென்று அடங்கிக் கருகிய நாற்றம் அடித்தது. இவளே ஆட்டோவில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோனாள். கடை மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு, பவர் சப்ளை மட்டும்தான் போயிருக்கிறது, கிராபிக்ஸ் கார்டு கல்லு மாதிரி இருக்கிறது, அரை மணி நேர வேலை என்றான். செய்யட்டுமா என்று ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தான். இவள் வேண்டாம் என்றாள். எதற்கு அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே உடனே புரியவில்லை. தன் வாயிலிருந்து வந்த சொல்லைத் தானே கேட்டு, பிறகு அதற்குப் பொருத்தமாகக் காரணம் தேடினாள். வீட்டில் இடம் இல்லை. சத்தம். கரண்ட் இழுக்கிறது. அன்று சாயங்காலமே கார்டைக் கழற்றி வேறு யாருக்கோ போட்டுவிட்டார்கள்.

வீட்டில், பெட்டி மொத்தமாகப் போய்விட்டது என்றாள்.

நாத்தனாரின் முகம் வெளுத்தது. அடுத்த வாரம் சனிக்கிழமை மூன்று மணிக்கு, அணிகளுக்குள் போட்டி. மூன்று மாதத்துக்கு முன்பு வந்த புது கேமில். அதற்காக ஆறு வாரமாகப் பழகியிருந்தார்கள். இதில் தேறுகிற அணி வருஷம் முழுக்கச் சேர்ந்து ஆடும். ஐந்து பேருக்கு மேல் இடம் கிடையாது. வெளியே காத்திருக்கிறவர்கள் நிறைய.

கடையில் கண்ணாடிக்குள் வைத்திருந்த ஆல்-இன்-ஒன்னின் படத்தைப் போனில் காட்டினாள் இவள். பெரிய திரை, ஒரே ஒரு ஒயர், வெள்ளை நிறம்.

"புது கேம் ஓடுமா அண்ணி?"

"தாராளமா ஓடும்."

"ரொம்ப மெலிசா இருக்கே?"

"இப்பல்லாம் அப்படித்தான்மா வருது."

"நீங்க சொன்னா சரி. உங்களுக்குத் தெரியாததா?" என்று சொல்லி, நாத்தனார் வேறு யாரையும் கேட்கவில்லை. அணித் தலைவன், புதுக் கம்ப்யூட்டருக்குள் என்ன சாமான் இருக்கிறது என்று போனில் விசாரித்ததற்கும், என் அண்ணி பார்த்துக் கொடுத்தது, அதற்கு மேல் என்ன வேண்டும் என்று வாயை அடைத்துவிட்டாள்.

ஆர்டர் போட்டு, வந்து சேர்ந்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம். அதுவும் தற்செயல் இல்லை. முன்னமே வந்திருந்தால் நாத்தனார் ஆடிப் பார்த்திருப்பாள். ராத்திரிக்குள் கேமை இறக்கி முடிக்கத்தான் நேரம் இருந்தது.

சனிக்கிழமை இவள் அரை நாள் லீவு போட்டாள். வெறுமனே வீட்டில் இருக்கத்தான் என்று நினைத்துக்கொண்டாள். பழத்தை நறுக்கித் தட்டில் வைத்துக்கொண்டு முன்னறை வாசலில் வந்து நின்றபோது நாத்தனார் திரும்பி, அவளுக்கும் கேட்கட்டும் என்று ஹெட்செட்டைக் கழற்றிச் சத்தத்தை ஸ்பீக்கரில் விட்டாள். எல்லாரும் அண்ணிக்கு நன்றி சொல்ல வேண்டுமாம். நாலு குரல் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. 'கோழி' என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவன், அண்ணி, நீங்க இல்லேன்னா எங்க ஊசி மொட்டையாப் போயிருப்பா என்றான். இவளும் சிரித்தாள்.

படம் கண்ணாடி போல வந்தது. நாத்தனார் முதல் பத்து நிமிஷத்தில் மூன்று பேரை வீழ்த்தினாள். ஒரு கணம், ஓடித் தொலைத்துவிடுமோ என்று இவளுக்குப் பயமாகவே இருந்தது. அந்தப் பயத்தைப் பார்த்து இவளுக்குள்ளேயே இருந்த இன்னொருத்தி திடுக்கிட்டாள். ஆனால் அவளும் நகரவில்லை.

பிறகு விசிறியின் சத்தம் ஏறியது. கொசு மாதிரி ஆரம்பித்துப் பம்பரம் மாதிரி ஆனது. திரையில் மனிதர்கள் ஓடாமல் இங்கிருந்து அங்கே தாவினார்கள். நாத்தனார் குறி வைத்துச் சுடும்போது எதிரி அங்கே இருப்பதில்லை. ஊசி என்ன தூங்குறியா என்றான் கோழி. ஊசிக்கு முனை மழுங்கிப்போச்சுப்பா என்றான் இன்னொருவன். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சேர்ந்து சிரித்தாள். இரண்டாவது முறை அவள் செத்தபோது சிரிப்பு குறைந்தது. நாலாவது முறை யாரும் பேசவில்லை. தலைவன் மட்டும், எல்லா செட்டிங்கையும் குறை, இன்னும் குறை என்று சொல்லிக்கொண்டிருந்தான். திரை சேறு பூசியது போல ஆகியும் தாவல் நிற்கவில்லை. அவள் கழுத்தில் வியர்வை வழிந்து ரவிக்கைக்குள் இறங்குவதை இவள் வாசலிலிருந்து பார்த்தாள்.

முதல் சுற்று போயிற்று. சுற்றுகளுக்கு நடுவே ஆளை மாற்றிக்கொள்ளலாம்.

தலைவன் நல்லவன்தான். தன்மையாகவே சொன்னான். வெளியே ஒருத்தன் தயாராக இருக்கிறான், இந்தப் போட்டிக்கு மட்டும் என்றான். தேறிவிட்டால் ஆடிய பெயர்களை வருஷம் முழுக்க மாற்ற முடியாது என்பது ஐந்து பேருக்கும் தெரியும். கடைக்காரன் ஏமாற்றிவிட்டானா என்று கேட்டான்.

"இல்ல கேப்டன். எங்க அண்ணிதான் வாங்கிக் குடுத்தாங்க. அவங்களுக்கு இதெல்லாம் தெரியாது. பாவம், கவுன்டர்ல நிக்கிறவங்க, அவ்வளவுதான். நான்தான் கேட்டிருக்கக் கூடாது."

"கவுன்டர்ல நிக்கிறவங்களக் கேட்டா வாங்குன?" என்றான் கோழி. யாரோ மூக்கால் சிரித்தார்கள். பிறகு ஒரு சின்ன மணிச் சத்தம். அணி பேசிக்கொள்ளும் ஆன்லைன் அறையிலிருந்து அவளை வெளியே எடுத்துவிட்டார்கள். ஸ்பீக்கர் அடங்கி, விசிறியின் இரைச்சல் மட்டும் மிஞ்சியது.

அப்படியே தட்டை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போயிருந்தால் இவள் தப்பித்திருப்பாள். நினைத்தது நடந்திருந்தது, யாருக்கும் தெரியவும் போவதில்லை. ஆனால் 'தெரியாது' என்ற அந்தச் சொல்லை விழுங்க முடியவில்லை. கெட்டவள் என்று சொல்லியிருந்தால்கூட பேசாமல் போயிருப்பாள் என்று தோன்றியது.

"எனக்குத் தெரியும்," என்றாள்.

நாத்தனார் திரும்பினாள். கண்ணில் நீர் கட்டியிருந்தது, இன்னும் விழவில்லை. "என்ன தெரியும் அண்ணி?"

இவள் கடைக்குரலில் சொல்லத் தொடங்கினாள். கிராபிக்ஸ் கார்டு கிடையாது என்றாள். திரை பெரிசு, அதில் இந்த கேமைத் தள்ள உள்ளே தெம்பு இல்லை என்றாள். சூடேற இருபது நிமிஷம் ஆகும், அதுவரை நன்றாகவே இருக்கும் என்றாள். வெள்ளிக்கிழமை வருகிற மாதிரிதான் ஆர்டர் போட்டேன் என்றாள். பழைய பெட்டியில் பவர் சப்ளை மட்டும்தான் போயிருந்தது, அரை மணி நேர வேலை என்றாள். கடையில் யாருக்கும் இவ்வளவு தெளிவாக அவள் விளக்கியதில்லை. சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. ஒரு தப்புகூட இல்லை. முடித்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது.

நாத்தனார் ஏன் என்று கேட்பாள் என்று நின்றாள். கேட்டிருந்தால் அந்த இஸ்திரிப் பெட்டிக் கதையைச் சொல்லியிருப்பாளோ என்னவோ. நாத்தனார் கேட்கவில்லை. விரிப்பில் கிழிசல் தேடுகிற கண்ணோடு இவளைத் தலையிலிருந்து கால்வரை ஒரு முறை பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் இவள் புருஷன் பஸ் டிப்போவில் வேலை முடிந்து வந்தான். செருப்பைக் கழற்றும்போதே, என்னம்மா, ஜெயிச்சாச்சா என்றான். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் குரல் மாறியது. ஒரே தங்கை. அவளை அழவைத்த மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்து நடுத்தெருவுக்கு இழுத்தவன் அவன்.

"என்ன ஆச்சு?"

"அண்ணியையே கேளு," என்றாள் நாத்தனார். "இப்பதான் எனக்கு விளக்கமா சொன்னாங்க. சொல்லுங்க அண்ணி, அண்ணனுக்கும் ஒரு தடவ சொல்லுங்க."

புருஷன் இவளைப் பார்த்தான். இவள் நாத்தனாரைப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இல்லை, அவசரமும் இல்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருப்பாள் போலிருந்தது.

"எனக்கு என்னங்க தெரியும்," என்றாள் இவள். "கம்பெனிக்காரங்க ஓடும்னு சொன்னாங்க. நானும் அதையே சொல்லிட்டேன்."

அவன் மூலையில் இரைந்துகொண்டிருந்த வெள்ளைத் திரையைப் பார்த்தான். பிறகு, இத்தனை வருஷமா அங்க என்னதான் பண்ணிட்டிருந்த என்றான்.

"அவங்களத் திட்டாதண்ணா," என்றாள் நாத்தனார். எழுந்து வந்து இவள் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டாள். "பாவம், அவங்களுக்குத் தெரியாது."

முதலில் சொன்னதைவிட மெதுவாக, மிகவும் பரிவாகச் சொன்னாள். அன்று மட்டும் சொன்னதோடு நிறுத்தவும் இல்லை. ஒன்றுவிட்ட தம்பி மகளுக்கு லேப்டாப் பார்க்க வந்தபோது சொன்னாள். எதிர்வீட்டு வாத்தியாரம்மா பிரிண்டரைப் பற்றிக் கேட்க வந்தபோது, காப்பியை நீட்டிக்கொண்டே சொன்னாள். ஒவ்வொரு முறையும் இவளை நேராகப் பார்த்து, மறுத்துப் பேச இடம் கொடுத்து, ஒரு கணம் பொறுத்திருந்து சொன்னாள். புதுக் கம்ப்யூட்டரில் அவள் சீட்டாட்டம் ஆடினாள். அது தாராளமாக ஓடியது.

இரண்டு மாதத்தில் யாரும் இவளிடம் எதையும் கேட்பதில்லை என்று ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை சிநேகிதன் ஒருவன் போனில் புருஷனிடம் ஏதோ விசாரித்தான். இவள் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். கேள்வி என்னவென்று அரைகுறையாகக் காதில் விழுந்ததுமே விடை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"இல்லப்பா," என்றான் புருஷன், குரலைத் தணிக்கக்கூட இல்லை. "அவளக் கேக்காத. வேற தெரிஞ்சவங்க யாராவது இருந்தா கேளு."

நாத்தனார் எதிரில் உட்கார்ந்து, இவள் கையிலிருந்த விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். "இழுத்துப் பிடிங்க அண்ணி," என்றாள். இருவருமாக அதை நாலாக மடித்தார்கள்.